சார், ஒரு லெட்டர் வேண்டும்: பரிந்துரைக் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பிப்ரவரி வரை வீட்டுக்கு யாராவது ஒரு மாணவர் வந்துகொண்டே இருப்பார். தக்கலையிலிருந்து வருவார்கள், கருங்கலிலிருந்து வருவார்கள், சில சமயம் எல்லை தாண்டிப் பாறசாலையிலிருந்தும் வருவார்கள். ஆள்தான் மாறுமே தவிரக் கேள்வி மாறாது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

பரிந்துரைக் கடிதம் என்றால் டி.சி.யோடு தருகிற நன்னடத்தைச் சான்றிதழ்தானே சார்?

இல்லை. நன்னடத்தைச் சான்றிதழ் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் அடித்துத் தருவது. பெயரையும் ஆண்டையும் நிரப்பினால் முடிந்தது. அதில் கையெழுத்துப் போடுகிற முதல்வர் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போனஃபைடு சான்றிதழும் அப்படித்தான்: இவர் இங்கே படிக்கிறார், அவ்வளவுதான்.

பரிந்துரைக் கடிதம் என்பது உங்களுக்குப் பாடம் நடத்திய ஒருவர், உங்களைப் பார்த்தே இராத ஒரு தேர்வுக் குழுவுக்கு எழுதுவது. மதிப்பெண் பட்டியலால் சொல்ல முடியாததை அது சொல்ல வேண்டும். தெரியாத கணக்கை முன்னால் வைத்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும், தவறு என்று சுட்டிக்காட்டினால் முகம் வாடிப் போகுமா அல்லது திரும்பச் செய்து பார்க்குமா, கூட இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்குமா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு இது வேண்டுமா?

வேண்டாம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது; மருத்துவத்துக்கு நீட். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் இளங்கலைச் சேர்க்கைக்கு யாரும் ஆசிரியர் கடிதம் கேட்பதில்லை.

கேட்கிற இடங்கள் வேறு. அமெரிக்கக் கல்லூரிகளில் பல இளங்கலைக்கும் முதுகலைக்கும் கேட்கும். பிரிட்டனில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக இளங்கலைக்கு விண்ணப்பித்தால் ஒரு ஆசிரியர் குறிப்பு உண்டு. ஜெர்மனியில் கேட்காத படிப்புகளும் உண்டு, கேட்பவையும் உண்டு. படிப்பின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தியாவுக்குள்ளேயே தேவைப்படுகிற சந்தர்ப்பத்தைப் பலர் கவனிப்பதில்லை: தேசிய அறிவியல் கழகங்கள் மூன்று சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிப்பது மிகக் குறைவு என்பது என் பழைய வருத்தம்.

எத்தனை பேரிடம் வாங்க வேண்டும்?

அமெரிக்காவில் முதுகலை, முனைவர் படிப்புக்குப் பொதுவாக மூன்று. இளங்கலைக்கு, பள்ளியின் சார்பில் ஒரு கடிதமும் பாட ஆசிரியர் ஒருவர் அல்லது இருவரின் கடிதமும். யூகாஸில் ஒன்றே ஒன்று. அதையே நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்து இடங்களும் பார்க்கும்.

மூன்று கேட்டால் மூன்றுதான். ஐந்து கொடுத்தால் கூடுதல் பலம் என்று எண்ணாதீர்கள். படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் மூன்று வேண்டுமென்றால் நான்காவதாக ஒருவரை மனத்தில் வைத்திருங்கள். யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பார், அல்லது தேர்தல் வேலைக்குப் போயிருப்பார்.

எச்.ஓ.டி.யிடம் கேட்பதா, எனக்கு நன்றாகத் தெரிந்த சாதாரண ஆசிரியரிடம் கேட்பதா?

தெரிந்தவரிடம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நம் ஊரில் பதவியைப் பார்த்துத்தான் காரியம் நடக்கும் என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதனால் முதல்வர், செயலாளர், துறைத்தலைவர் என்று மேலேயே ஏறுகிறோம். உங்களை வராந்தாவில் இரண்டு முறை பார்த்த முதல்வர் என்ன எழுதுவார்? ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி’ என்று எழுதுவார். அது நன்னடத்தைச் சான்றிதழுக்குச் சற்று நீளமான வடிவம்.

தற்காலிகப் பணியில் இருக்கும் இளம் விரிவுரையாளர், உங்கள் புராஜெக்டை வாரம்தோறும் பார்த்தவர் என்றால், அவர் கடிதம் எடை கூடியது. அவருக்கு முனைவர் பட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அவர் எதைப் பார்த்தார் என்பதுதான் கேள்வி. எச்.ஓ.டி. உங்களுக்குப் பாடமும் எடுத்து, உங்கள் வேலையும் அவருக்குத் தெரியுமென்றால் தாராளமாகக் கேளுங்கள்.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. போன்ற இடங்கள் ஒரு கடிதம் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், இன்னொன்று மொழி அல்லது சமூக அறிவியல் பாட ஆசிரியரிடமிருந்தும் வரவேண்டும் என்கின்றன. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் உடனே திகைத்துப்போகிறார்கள். தமிழ் ஐயா இருக்கிறாரே! இரண்டு வருடம் உங்கள் கட்டுரை நோட்டைத் திருத்தியவர் அவர். பேச்சுப் போட்டிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவராகத்தான் இருப்பார். அவரை விட்டுவிட்டு உயிரியல் டீச்சரை இரண்டாவது ஆளாக நிறுத்துவதில் அர்த்தமில்லை.

எம்.எல்.ஏ.வைத் தெரியும், பங்குத்தந்தையையும் தெரியும். அவர்கள் லெட்டர் தந்தால் வலு கூடாதா?

எம்.எல்.ஏ. கடிதம் வேண்டவே வேண்டாம். அங்கே அது உதவாது என்பது மட்டுமல்ல, உங்களைப் பற்றி ஒரு தப்பான எண்ணத்தையும் உண்டாக்கும்.

பங்குத்தந்தை, போதகர், கோயில் நிர்வாகி என்று வரும்போது கொஞ்சம் யோசிக்கலாம். அமெரிக்கக் கல்லூரிகள் ஆயிரத்துக்கும் மேல் பயன்படுத்தும் காமன் ஆப் விண்ணப்பத்தில் ‘பிற பரிந்துரையாளர்’ என்று ஒரு இடம் இருக்கிறது. சமயப் பணியாளர், பயிற்சியாளர், முதலாளி ஆகியோர் அதில் வரலாம். எல்லாக் கல்லூரியும் அதை ஏற்பதில்லை. ஏற்கிற இடத்தில், கடலோர ஊர் ஒன்றில் மாலைநேர டியூஷன் வகுப்பை நீங்கள் மூன்று வருடம் நடத்தியதைப் பாதர் நேரில் பார்த்திருந்தால் அவர் எழுதட்டும். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார் என்பது மட்டும்தான் செய்தி என்றால் விட்டுவிடுங்கள். ஆசிரியர் கடிதத்துக்குப் பதிலாக எதுவும் ஆகாது.

விண்ணப்பத்தில் பள்ளிக் கவுன்சிலர், அதாவது மேற்படிப்புக்கு வழிகாட்டுபவர், நிரப்ப ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை. அந்தக் கட்டத்தை யார் நிரப்புவது?

தலைமை ஆசிரியர் அல்லது அவர் பொறுப்பு ஒப்படைக்கும் ஆசிரியர். தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளில் அப்படி ஒரு பதவி இல்லை, அது குறையாகப் பார்க்கப்படுவதில்லை.

அந்தப் படிவத்தில் பள்ளியைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்: எந்தப் பாடத்திட்டம், தமிழ்வழியா ஆங்கிலவழியா, எத்தனை மாணவர்கள், மதிப்பெண் முறை என்ன. கடைசியாகச் சொன்னது முக்கியம். பிளஸ் டூ மொத்தம் 2018 வரை 1200. 2019 முதல் 600. அக்காவின் 1100-ஐயும் தம்பியின் 560-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்குக் குழப்பம் வராமல் இருக்க ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எப்போது கேட்டால் சரியாக இருக்கும்?

கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்னால். இரண்டு மாதம் என்றால் இன்னும் நல்லது. நாட்காட்டியைப் பாருங்கள், காரணம் புரியும். அமெரிக்காவில் முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் 1 வாக்கில், வழக்கமானது ஜனவரி 1 வாக்கில் முடிகிறது. முதுகலைக்கு டிசம்பர் 1, டிசம்பர் 15 என்று வரிசையாக வரும். யூகாஸில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15. நம் பக்கத்திலோ நவம்பரில் பல்கலைக்கழகத் தேர்வு, பிறகு விடைத்தாள் திருத்தம், பள்ளிகளில் டிசம்பரில் அரையாண்டு, டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா விடுமுறை, அதைத் தொடர்ந்து கிறிஸ்துமஸ். ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்களில்தான் உங்கள் தேதிகள் எல்லாம் வந்து விழுகின்றன.

போதாததற்கு வடகிழக்குப் பருவமழை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டிசம்பர் 1 கடைசித் தேதி வைத்திருந்தவர் அன்று எந்தக் கணினியைத் திறந்திருப்பார்? இப்படி நேர்ந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். இயற்கைச் சீற்றம் என்றால் ஆசிரியர் கடிதத்துக்குச் சில நாள் பொறுப்பது உண்டு. ஆனாலும் மழைக்கு முன்பே வேலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று, நேரக் கணக்கு. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் டிசம்பர் 15 இரவு 11.59 என்றால் நமக்கு 16-ஆம் தேதி காலை 10.29. யூகாஸ் அக்டோபர் தேதி அங்கே மாலை 6 மணிக்கு முடியும். இங்கே அப்போது இரவு 10.30. ஆசிரியரிடம் இந்திய நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள், ஒரு வாரம் முந்தைய தேதியையும் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘10-ஆம் தேதிக்குள் கிடைத்தால் நிம்மதி, கடைசி 16’ என்று இரண்டையும் சொல்லலாம்.

நேரில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கேட்டால் மரியாதைக் குறைவா?

பேச நேரம் கேட்க வாட்ஸ்அப் போதும். கடிதத்தை நேரில் கேளுங்கள். வெளியூரில் இருந்தால் தொலைபேசி. பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், சார் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். மூன்றுமே எனக்கு நடந்திருக்கின்றன.

செய்தி இப்படி இருக்கலாம்: ‘வணக்கம் சார். நான் 2022 முதல் 2025 வரை பி.எஸ்சி. இயற்பியல் படித்த மாணவி. இரண்டாம் ஆண்டில் ஒளியியல் ஆய்வகம் உங்களிடம் செய்தேன். இப்போது முதுகலைக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கிறேன். முதல் கடைசித் தேதி டிசம்பர் 15. என் வேலையைப் பற்றி உங்களால் நிறைவாக எழுத முடியும் என்று தோன்றினால் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்க விரும்புகிறேன். எப்போது வந்து பார்க்கலாம்?’ இதில் ‘நிறைவாக எழுத முடியும் என்று தோன்றினால்’ என்பதை எடுத்துவிடாதீர்கள். மறுக்க நினைப்பவர் முகம் கோணாமல் மறுக்க அது ஒரு வாசல். பெயரைக் கீழே எழுதுங்கள். ‘ஹாய் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சார் சரி என்றுவிட்டார். கூடவே என்னென்ன கொடுக்க வேண்டும்?

மதிப்பெண் பட்டியல், சுயவிவரம், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதிய நோக்கக் கட்டுரை, பல்கலைக்கழகங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் கடைசித் தேதி. இவற்றை எல்லோரும் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் கொடுக்காதது நினைவூட்டும் குறிப்பு. ஒரு தாளில், உங்கள் வகுப்பில் அவர் கண்முன் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை எழுதிக் கொடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. ‘நான் ஆய்வகத்தில் ஆர்வமாக இருந்தேன்’ என்று எழுதினால் ஆசிரியருக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. இதைப் பாருங்கள்: ‘நியூட்டன் வளையச் சோதனையில் எனக்கு நடுப்புள்ளி கருப்பாக வராமல் வெளிச்சமாக வந்தது. வளையங்கள் தெரிந்ததால் அளவெடுத்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். லென்சுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் தூசி இருக்குமோ என்று உங்களிடம் கேட்டேன். துடைத்துப் பார் என்றீர்கள். துடைத்துவிட்டு எல்லா அளவுகளையும் முதலிலிருந்து எடுத்தேன். மார்த்தாண்டம் பஸ் போய்விட்டது.’ இதைப் படித்ததும் அந்த மாலை, அந்த சோடியம் விளக்கு, ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நின்றது எல்லாம் அவருக்குத் திரும்பி வரும். அங்கிருந்து அவர் தன் கண்ணால் பார்த்ததை எழுதுவார். ஒரு தேர்வுக் குழுவுக்கு ‘மிகுந்த ஆர்வமுள்ளவர்’ என்ற நூறு கடிதங்களுக்கு நடுவில் இந்த ஒரு தூசி போதும்.

சாதனைகளை மட்டும் தேடாதீர்கள். முதலில் தவறி, பிறகு திருத்திக்கொண்டதும் நல்ல செய்தி. இன்டர்னல் தேர்வில் பன்னிரண்டு வாங்கி, அடுத்த வாரம் சந்தேகப் பட்டியலோடு ஆசிரியர் அறை வாசலில் நின்றவரைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் விஷயம் இருந்தது. எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண் வாங்கி, வாயே திறக்காதவரைப் பற்றி எழுதத்தான் பேனா நகராது.

சார் ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்கிறார். என்ன செய்ய?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சார் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். சிலருக்கு ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தயக்கம். சிலருக்கு நேரமில்லை. சிலர் இப்படித்தான் செய்வது வழக்கம் என்று உண்மையிலேயே நினைக்கிறார்கள். அவர்கள் காலத்தில் அவர்களுக்கும் இப்படித்தான் கிடைத்தது.

ஆனால் நீங்கள் எழுதாதீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போது எல்லாம் உண்மை என்று உறுதி தருகிறீர்கள். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடம் பறிபோகலாம். நேர்மையைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்: மூன்று கடிதங்களையும் நீங்களே எழுதினால் மூன்றும் ஒரே குரலில் பேசும், அதை உங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டியதில்லை. தன்னைத் தானே புகழும்போது நம் பிள்ளைகள் ஒன்று கூசிக் குறைத்து எழுதுவார்கள், அல்லது ஐன்ஸ்டைனாகிவிடுவார்கள்.

செய்யக்கூடியது: மேலே சொன்ன நினைவூட்டும் குறிப்பை இன்னும் விரிவாக எழுதிக்கொண்டு போய், ‘சார், கடிதம் நான் எழுதினால் அவர்கள் ஏற்பதில்லை. விவரங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன, நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து தரட்டுமா?’ என்று கேளுங்கள். சொற்கள் அவருடையவை, விரல்கள் உங்களுடையவை. அது வேறு, இது வேறு. முடிந்தால் துறையிலுள்ள இன்னொரு ஆசிரியர் தட்டச்சு செய்யட்டும். பெரும்பாலான சார்கள் தமிழில் பேச ஆரம்பித்ததும் அருமையாகச் சொல்வார்கள். எதற்கும் இசையாவிட்டால் முன்பு சொன்ன நான்காவது ஆளிடம் போங்கள்.

டீச்சருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. தமிழில் எழுதலாமா?

பல பல்கலைக்கழகங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைந்திருந்தால் ஏற்கும். விண்ணப்பக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் தமிழில் எழுதிக் கையெழுத்திட, ஆங்கில ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்த்துத் தன் பெயரையும் பதவியையும் கீழே எழுதலாம். நீங்களோ உங்கள் அண்ணனோ மொழிபெயர்க்கக் கூடாது.

எளிய ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒன்றும் குறையாது என்பதை டீச்சரிடம் சொல்லுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரும் மாணவரைத் தள்ளுவதில்லை.

டவுனில் ஒரு கன்சல்டன்சி எல்.ஓ.ஆர். (பரிந்துரைக் கடிதம்) அவர்களே தயாரித்துத் தருவதாகச் சொல்கிறது. சாட்ஜிபிடியும் இருக்கிறதே?

கன்சல்டன்சி விசா, கட்டணம், தேதி ஆகியவற்றில் உதவலாம். கடிதத்தில் கைவைக்க விடாதீர்கள். கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். சிலர் ஆசிரியர் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கித் தாங்களே பதிவேற்றுவார்கள். அது மோசடி, பெயர் கெடுவது அந்த ஆசிரியருக்கும் சேர்த்து. கடிதம் எந்த இணைய முகவரியிலிருந்து (ஐ.பி. அட்ரஸ்) வந்தது என்பதைச் சில இணையதளங்கள் பதிவு செய்துவைக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சாட்ஜிபிடியைப் பொறுத்தவரை, ஆசிரியர் தான் எழுதியதன் ஆங்கிலத்தைச் சரிபார்க்க அதை வைத்துக்கொள்வது அவர் விருப்பம். முழுக் கடிதத்தையும் அதனிடம் கேட்டால் அழகான வாக்கியங்கள் வரும், நியூட்டன் வளையத்துத் தூசி வராது.

‘கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற கட்டத்தை டிக் செய்யலாமா? பயமாக இருக்கிறது.

செய்யுங்கள். அமெரிக்காவில் ஃபெர்பா என்று 1974-இல் வந்த ஒரு சட்டம், மாணவர் சேர்ந்த பிறகு தன் கோப்பைப் பார்க்க உரிமை தருகிறது. அதில் பரிந்துரைக் கடிதத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அந்த டிக். சொல்லாவிட்டால், மாணவர் பார்ப்பாரே என்று ஆசிரியர் தயங்கி எழுதியிருப்பார் எனப் படிப்பவர் நினைக்க இடமுண்டு. விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு இதை மாற்றிக்கொள்வது எளிதல்ல, முதலிலேயே யோசித்துச் செய்யுங்கள்.

உரிமையை விட்டுக்கொடுத்த பிறகும் ஆசிரியர் தானாக ஒரு பிரதி தந்தால் தவறில்லை. நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் என்ன எழுதிவிடுவாரோ என்று அவ்வளவு பயமாக இருந்தால், தவறான ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் சாரிடம் கல்லூரி மின்னஞ்சல் இல்லை, ஜிமெயில்தான். தள்ளிவிடுவார்களா?

சில இடங்கள் நிறுவன முகவரியைத்தான் ஏற்கும், பல இடங்கள் ஜிமெயிலை ஏற்றுக்கொண்டு கூடுதலாகச் சரிபார்க்கும். முதலில் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். கல்லூரி பெயரில் முகவரி எடுத்து யாரும் பயன்படுத்தாமல் கிடப்பது சகஜம். இல்லையென்றால் கடிதம் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் துறை முத்திரையும் தொலைபேசி எண்ணும் உள்ளதாக இருக்கட்டும். கல்லூரி இணையதளத்தில் சாரின் பெயர் ஆசிரியர் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தின் முகவரியையும் கடிதத்தின் அடியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு அனுப்பியதும் ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்ல மறக்காதீர்கள். சார் பேச்சிப்பாறைப் பக்கம் மலையோரத்தில் இருப்பவர் என்றால் சிக்னல் கிடைக்கும் நாளில் நீங்களே நேரில் போய்ப் பக்கத்தில் இருங்கள். எப்படிப் பதிவேற்றுவது என்று காட்டலாம். கடவுச்சொல் அவர் கையிலேயே இருக்கட்டும்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். டீச்சர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிவிட்டார். பரவாயில்லையா?

பரவாயில்லை. எந்த ஆண்டில், எந்த நிறுவனத்தில், எந்தப் பாடம் நடத்தினார் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால் போதும். பழைய லெட்டர்ஹெட்டை அனுமதியில்லாமல் பயன்படுத்த வேண்டாம். வெள்ளைத் தாளே நல்லது.

பத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போடுகிறேன். சார் பத்துத் தடவை எழுதணுமா?

எழுத வேண்டியது ஒரே முறை, பதிவேற்றுவதுதான் பிரச்சினை. காமன் ஆப்பில் ஒருமுறை ஏற்றினால் நீங்கள் குறிப்பிடும் எல்லாக் கல்லூரிக்கும் போகும். முதுகலை விண்ணப்பங்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனி இணைப்பு அனுப்பும், தனித்தனிப் படிவம் கேட்கும். பத்து முறை பதவி, முகவரி, தொலைபேசி எண் நிரப்புகிற ஆசிரியரின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். பட்டியலை ஆறுக்குள் நிறுத்துங்கள். எல்லா இணைப்பையும் ஒரே வாரத்தில் வரும்படி செய்யுங்கள்.

ஆசிரியர் நம்மை மதிப்பிட்டு நிரப்பும் அந்தப் படிவத்தில் எல்லாவற்றிலும் ‘முதல் ஒரு சதவீதம்’ என்று டிக் போடச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது, சொல்லவும் தேவையில்லை. நம் ஆசிரியர்கள் பாசத்தில் எல்லாக் கட்டத்திலும் உச்சத்தையே போட்டுவிடுகிறார்கள். பிறகு கடிதத்தில் ‘சற்றுக் கூச்ச சுபாவம்’ என்று எழுதியிருப்பார், படிவத்தில் பேச்சுத் திறன் முதல் ஒரு சதவீதம்! இரண்டும் இடிக்கும்போது இரண்டுமே நம்பப்படாது. ஆசிரியரோடு பேசும்போது, கடிதத்தில் எழுதுவதற்கும் கட்டத்துக்கும் பொருத்தம் பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இரண்டு அரியர் இருந்தது. சாரிடம் அதைப் பற்றி எழுதச் சொல்லலாமா, மறைத்துவிடலாமா?

மதிப்பெண் பட்டியலில் இருப்பதை எங்கே மறைப்பது? காரணம் இருந்து, அது ஆசிரியருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் அவர் எழுதுவதே சிறந்தது. அம்மா ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவெல்லாம் துணைக்கு இருந்துவிட்டுத் தேர்வுக்கு வந்தவர், கடலுக்குப் போன அப்பா திரும்பாத வருடத்தில் படித்தவர் எனப் பலர் நம் மாவட்டத்தில் உண்டு. நீங்களே சொன்னால் சமாதானம் போலத் தெரிவது, ஆசிரியர் சொன்னால் சாட்சியாகிறது. யூகாஸ் குறிப்பில் இப்படிப்பட்ட சூழ்நிலைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

எதை எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்து சொல்ல வேண்டும். வீட்டு விஷயம் வெளியே போவதில் உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் ‘குடும்பத்தில் ஒரு கடினமான ஆண்டு’ என்ற அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். அலட்சியத்தால் வந்த அரியர் என்றால் காரணம் தேட வேண்டாம். மறுபடி எழுதி எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை நினைவூட்டும் குறிப்பில் சேர்த்தால் போதும்.

சாருக்கு அனுப்பிய செய்தி நீல டிக் காட்டுகிறது, பதில் இல்லை. மறுபடி கேட்டால் கோபப்படுவாரோ?

கோபப்பட மாட்டார், மறந்திருப்பார். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒன்று, ஒரு வாரம் முன்னால் ஒன்று, மூன்று நாள் முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு. இது தொந்தரவு அல்ல. ஒவ்வொரு முறையும் தேதியையும் இணைப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். பழைய செய்தியைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை அல்ல. அப்பாவை விட்டுப் பேச வைப்பது, சாருக்குத் தெரிந்த இன்னொரு சாரை விட்டுச் சொல்ல வைப்பது எல்லாம் வேண்டாம்.

டீச்சர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவமானமாக இருக்கிறது.

உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார். மனமில்லாமல் எழுதும் நாலு வரிக் கடிதம் எப்படிப்பட்ட சேதம் செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

கடிதம் தந்த சாருக்குப் பணமோ பரிசோ தரலாமா?

பணம் கூடாது, கடிதத்துக்கு முன்னால் எதுவும் கூடாது. முடிவு வந்த பிறகு ஒரு சீப்பு மட்டிப்பழமோ வீட்டில் செய்த முந்திரிக்கொத்தோ கொண்டுபோனால் எந்த ஆசிரியரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். இடம் கிடைக்காவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு என்ன ஆனது என்றே தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பெரிய குறை.

இரண்டு வருடம் முன்பு கடிதம் தந்த அதே சாரிடம் இப்போது பி.எச்டி.க்கும் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் பழைய கடிதத்துக்குத் தேதி மாற்றித் தரச் சொல்லாதீர்கள். இடையில் நீங்கள் செய்த வேலையை அவர் பார்த்திருக்க மாட்டார், அதற்கு இப்போதைய மேற்பார்வையாளரிடம் வாங்குங்கள். பழைய சார் தான் பார்த்த காலத்தைப் பற்றி மட்டும் புதிதாக ஒன்று எழுதட்டும். அவரிடம் பழைய கோப்பு இருக்கும். உங்கள் பழைய நினைவூட்டும் குறிப்பையும் எடுத்துப் போங்கள். லெட்டர்ஹெட்டில் முதல்வர் பெயர் மாறியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.